அம்புக்குறி இல்லாத தேதி

திருவொற்றியூர்,
12.7.1999

அன்புத் தங்கை அனிஷாவுக்கு அண்ணன் தவசிமுத்து எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் மதினி தேவகிருபையும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா என்று ஒரு வரி எழுது.

இப்போது என் கஷ்டத்தைக் கேள். எண்ணூரில் எங்கள் கம்பெனி கேட் ஆபீசில் பன்னிரண்டு வருஷமாக, உள்ளே வருகிற கான்ட்ராக்ட் ஆட்களின் பெயரை நோட்டில் எழுதிவந்தேன். போன வாரம் நோட்டைப் பிடுங்கிவிட்டு மேசை மேல் ஒரு கம்ப்யூட்டரை வைத்துவிட்டார்கள். இரண்டாயிரம் பிறப்பதற்குள் எல்லாம் அதில் ஏறிவிட வேண்டுமாம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஃபைல். பெயர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், அவ்வளவுதான். அடிப்பது எனக்குச் சிரமமில்லை, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியவன்தானே. அடித்துச் சேமித்த பிறகு அது எங்கே போய் ஒளிகிறது என்பதுதான் தெரியவில்லை. மை கம்ப்யூட்டர், அதற்குள் சி, அதற்குள் ஒரு மஞ்சள் அட்டை, அதற்குள் இன்னொரு மஞ்சள் அட்டை. சாயங்காலம் நான் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நாற்பது பேர் ஜன்னலில் நின்று கத்துகிறார்கள்.

நாகர்கோவிலில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறாய். அண்ணனுக்கும் கொஞ்சம் சொல்லு. ஃபைலை முன்னால் திரையிலேயே வைக்க வழி உண்டா? போனில் சொன்னால் மறந்துவிடுவேன், பேப்பரில் எழுது. அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லவும்.

அன்புள்ள அண்ணன்,
தவசிமுத்து

நாகர்கோவில்,
19.7.1999

அன்புள்ள அண்ணனுக்கு அனிஷா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். தைலம் வந்தது. அம்மா அதை முட்டில் தடவுவதைவிட அக்கம்பக்கத்தில் காட்டுவதுதான் அதிகம். மெட்ராஸிலிருந்து மகன் அனுப்பியது அல்லவா.

நீங்கள் கேட்டதற்கு வழி இருக்கிறது. திரையில் காலியான இடத்தில் மவுசின் வலது பட்டனை அமுக்குங்கள். வருகிற பட்டியலில் 'நியூ', பிறகு 'ஷார்ட்கட்'. ஒரு பெட்டி வரும். அதில் 'பிரௌஸ்' அமுக்கி உங்கள் மஞ்சள் அட்டைகளுக்குள் போங்கள். கீழே 'புரோகிராம்ஸ்' என்று இருப்பதை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால்தான் ஃபைல் கண்ணுக்குத் தெரியும். அதைப் பிடித்து, 'நெக்ஸ்ட்' அமுக்கி, தேதியைப் பெயராகக் கொடுத்து, 'ஃபினிஷ்'. அவ்வளவுதான். இனி இரண்டு தட்டுத் தட்டினால் திறக்கும்.

அந்தப் படத்தின் கீழ் மூலையில் வளைந்த அம்புக்குறி ஒன்று இருக்கும். இது ஃபைல் இல்லை, ஃபைலுக்குப் போகிற வழி மட்டும் என்று அதற்கு அர்த்தம். ஃபைல் உள்ளே தன் இடத்தில்தான் இருக்கும். என் மாணவர்களுக்கு இதை மூன்று தடவை சொன்னாலும் ஏறுவதில்லை. நீங்கள் டைப்ரைட்டிங் லோயர் என்பதால் ஒரு தடவையோடு நிறுத்துகிறேன். மதினிக்கும் பிள்ளைக்கும் என் முத்தங்கள்.

பாசமுள்ள தங்கை,
அனிஷா

திருவொற்றியூர்,
9.8.1999

அன்புத் தங்கை அனிஷாவுக்கு, இங்கே அனைவரும் சுகம். உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறோம்.

மக்களே, உன் காகிதத்தைக் கீபோர்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். இப்போது என் திரையைப் பார்த்தால் நீயே அசந்துபோவாய். ஜூலை ஒரு வரிசை, ஆகஸ்ட் ஒரு வரிசை, தேதி தேதியாக நிற்கிறது. பர்சனல் மானேஜர் வந்து பார்த்துவிட்டு, "இதுதாம்பா ரெஜிஸ்டர்" என்று முதுகில் தட்டினார். பன்னிரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் என்னைத் தொட்டது இதுதான் முதல் தடவை. இப்போது ஆபீசில் எல்லாரும் என் திரையைத்தான் ரெஜிஸ்டர் என்கிறார்கள்.

வியாசர்பாடியிலிருந்து வருகிற சின்னப்பையன் என்று ஒரு கான்ட்ராக்ட் ஆள் இருக்கிறான். பெயர்தான் அப்படி, வயது நாற்பதுக்கு மேல். உள்ளே கெமிக்கல் என்பதால் சாப்பாட்டை எடுத்துப் போகக்கூடாது. கேட் பக்கச் சுவரில் ஆணி வரிசையில் எல்லாரும் சோற்று டப்பாவை மாட்டிவிட்டுத்தான் போவார்கள். இவன் டப்பாவை மாட்டியதும் ஜன்னலில் தலையை நுழைப்பான். "இன்னா சார், எம் பேரு வந்துட்ச்சா? எத்தினாவதா கீது?" என்பான். திரையைத் திருப்பிக் காட்டினால்தான் நகருவான். நோட்டில் எழுதிய காலத்தில் ஒருத்தனும் இப்படிக் கேட்டதில்லை.

இந்தப் பெருமையெல்லாம் உன்னால்தான். அம்மாவின் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புள்ள அண்ணன்,
தவசிமுத்து

திருவொற்றியூர்,
2.10.1999

அன்புத் தங்கைக்கு, இங்கே சுகம். அங்கே சுகமா?

ஒரு சின்ன விஷயம். ஒரு நாளின் பட்டியலைத் தவறாக அடித்துவிட்டேன். அதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். ஒன்றை அழித்தால் அது திரும்ப வராமல் அழிப்பது எப்படி? குப்பைத் தொட்டியில் போட்டாலும் எடுத்துவிடலாம் என்று இங்கே ஒருவர் சொல்கிறார். எனக்குத் தெரியாது, தங்கையைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று மானேஜரிடம் சொல்லியிருக்கிறேன். சீக்கிரம் எழுது.

தவசிமுத்து

நாகர்கோவில்,
8.10.1999

அன்புள்ள அண்ணனுக்கு, நாங்கள் நலம். அம்மாவுக்கு இப்போது கண்ணில் நீர் வடிகிறது. டாக்டரிடம் காட்டினோம், பயமில்லை.

இவ்வளவு சின்னக் கடிதம் நீங்கள் எழுதி நான் பார்த்ததில்லை. பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை, மதினியைப் பற்றியும் இல்லை. காய்ச்சல் ஏதும் இல்லையே?

கேட்டதைச் சொல்கிறேன். வேண்டாத ஃபைலை மவுசால் பிடித்து இழுத்து 'ரீசைக்கிள் பின்' மேல் விடுங்கள். பிறகு அந்தத் தொட்டியை வலது பட்டனால் அமுக்கி 'எம்ப்டி' என்பதைத் தட்டுங்கள். நிச்சயமா என்று கேட்கும். 'எஸ்' கொடுத்தால் போய்விடும், திரும்ப எடுக்க நமக்கு வழியில்லை. ஆனால் ஒரு தவறுக்காக முழுப் பட்டியலையும் ஏன் அழிக்க வேண்டும்? திறந்து திருத்தினால் போதுமே. உங்கள் மானேஜருக்கு இது தெரியாதா? பதிலில் பிள்ளையைப் பற்றி எழுதுங்கள்.

தங்கை,
அனிஷா

திருவொற்றியூர்,
24.10.1999

அன்புத் தங்கைக்கு, உன் கடிதம் கிடைத்தது. பிள்ளை நன்றாகப் படிக்கிறாள். தேவகிருபைக்கு வழக்கமான தலைவலிதான். எனக்குக் காய்ச்சல் இல்லை.

நீ எழுதியபடியே செய்துவிட்டேன். மானேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செப்டம்பர் இருபத்தொன்றாம் தேதியைத் திரையிலிருந்து இழுத்துத் தொட்டியில் போட்டு, தொட்டியையும் காலி பண்ணினேன். பிறகு அவர் சொல்லச்சொல்ல அந்தத் தேதிக்குப் புதுப் பட்டியல் அடித்து, தேடுகிற வேலை வேண்டாம் என்று நேராகத் திரையிலேயே சேமித்தேன். முன்பு நாற்பத்து மூன்று பேர். இப்போது நாற்பத்திரண்டு.

சின்னப்பையன் என்று ஒருவனைப் பற்றி எழுதினேனே, அவன் இறந்துபோனான். போன மாதம் குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து செத்தான் என்கிறார்கள். மூலக்கொத்தளத்தில் அடக்கம் பண்ணினார்களாம். அவன் பெண்டாட்டி பச்சையம்மா தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே வந்து நிற்கிறாள். சத்தம் போடுவதில்லை. என் ஜன்னலைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்கிறாள். "எம் புருசன் அன்னிக்கி உள்ள வந்தாரா இல்லியா, அத்த மட்டும் சொல்லு சார். குடிச்சிட்டு வுழுந்தாருன்றாங்களே, குடிக்கிற ஆளு காத்தால சோத்து டப்பாவ தூக்கிக்கினு ரயிலேறுவானா?" செக்யூரிட்டி வந்து அவளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடுவான்.

ஒன்று கேட்க வேண்டும். திரையில் எல்லாத் தேதிக்கும் மூலையில் அம்புக்குறி இருக்கிறது. இருபத்தொன்றுக்கு மட்டும் இல்லை. வேறு யாராவது பார்த்தால் கவனிப்பார்களா? அதை எப்படி வரவைப்பது?

தவசிமுத்து

நாகர்கோவில்,
30.10.1999

அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்க மனமில்லை. உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அந்த நாற்பத்து மூன்றாவது ஆள் யார் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. அன்றைக்கு அவர் உள்ளே வந்திருக்கிறார். உள்ளேதான் ஏதோ நடந்திருக்கிறது. அதை மறைக்க என் கையெழுத்தில் இருந்த காகிதத்தை வைத்து வேலை பார்த்திருக்கிறீர்கள். தங்கையைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று அந்த மானேஜரிடம் சொன்னீர்களாமே. இந்த மூன்று நாளாக வகுப்பில் மவுசைத் தொடவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன், உங்களுக்கு ஏறவில்லை. திரையில் அம்புக்குறியோடு இருப்பது வெறும் வழி. நீங்கள் தொட்டியில் போட்டுக் காலி பண்ணியது அந்த வழியை மட்டும்தான். இருபத்தொன்றாம் தேதி நீங்கள் அடித்த நிஜமான பட்டியல் உள்ளே, செப்டம்பர் அட்டைக்குள் அப்படியே இருக்கிறது. பின்னால் நின்று பார்த்த உங்கள் மானேஜருக்கும் அது தெரியவில்லை. புதிதாக அடித்ததை நேராகத் திரையில் வைத்ததால்தான் அதற்கு அம்புக்குறி இல்லை. பொய் வெளியே இருக்கிறது, உண்மை உள்ளே இருக்கிறது. இதைத் தெரிந்தவர்கள் இப்போது நீங்களும் நானும் மட்டும்.

அம்புக்குறி வரவைப்பது எப்படி என்று நான் சொல்லித் தர மாட்டேன். போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அனிஷா

நாகர்கோவில்,
28.11.1999

அண்ணனுக்கு, நாங்கள் நலம். ஒரு மாதம் ஆகிவிட்டது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அம்மா உங்கள் கடிதம் என்று எழுந்து வருகிறார்கள். என்னைத் திட்டியாவது எழுதுங்கள். பார்த்தீர்களா என்று மட்டுமாவது சொல்லுங்கள். அதை அழித்துவிட்டேன் என்று எழுதினால்கூட நான் பதில் எழுதுவேன் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

அனிஷா

திருவொற்றியூர்,
12.12.1999

அன்புள்ள அனிஷாவுக்கு தேவகிருபை எழுதுவது. மாமியின் கண் இப்போது தேவலையா? இங்கே பிள்ளைக்கு அரைப் பரீட்சை நடக்கிறது. நான் இருக்கிறேன்.

உன் இரண்டு கடிதத்தையும் உன் அண்ணனின் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் படித்துவிட்டேன். தப்புத்தான், மன்னித்துக்கொள். படித்த பிறகு உன் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் காகிதம் போதாது. நீ அங்கே அம்மாவோடு பத்திரமாக உட்கார்ந்துகொண்டு நியாயம் எழுதிவிட்டாய். இந்த வேலை போனால் நாளைக்கு நாங்கள் எந்த வாசலில் போய் நிற்பது? அழிந்துவிட்டது என்று அவர் நினைத்திருந்தபோதாவது கொஞ்சம் சாப்பிட்டார். உன் கடிதம் வந்த நாளிலிருந்து தட்டை வைத்தால் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுகிறார். நான்கு ஞாயிறாகக் கோவிலுக்கு வருகிறார், திருவிருந்துக்கு மட்டும் எழுந்து போவதில்லை. எல்லாரும் முன்னால் போய் முழங்கால் போடும்போது இவர் கடைசி பெஞ்சில் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். சபை ஐயர் என்னிடம் கேட்கிறார், நான் என்ன சொல்வது?

இன்னொன்று. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி பண்ணினேன். பழைய பாயின் மடிப்புக்குள் ஒரு அலுமினியச் சோற்று டப்பா. நம் வீட்டு டப்பா இல்லை. மூடியில் ஆணியால் கீறி ஒரு பூப் போட்டிருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை, ஆனால் ஊசிப்போன வாடை. யாருடையது என்று கேட்டதற்கு, "கேட் ஆணியில மாட்டிக் கிடந்துச்சு, தூக்கிப் போடச் சொன்னாங்க, மனசு வரல" என்றார். நான் அதை மூன்று தடவை புளி போட்டுத் தேய்த்தேன், வாடை போகவில்லை.

வருகிற புதன்கிழமை பாக்டரி இன்ஸ்பெக்டர் வருகிறாராம். அந்தப் பெண் மனு கொடுத்திருக்கிறாள். அடுத்த வாரம் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டு இரண்டாயிரத்துக்குப் புதிதாகப் போடப்போகிறார்கள். அந்த வாரம் கடந்துவிட்டால் எல்லாம் தானாகவே போய்விடும் என்று அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த டப்பாவை இந்த வீட்டில் வைத்துக்கொண்டு என்னால் சோறு பொங்க முடியாது. அதைத்தான் அவரிடம் சொன்னேன். உன்னிடமும் சொல்லத் தோன்றியது.

தேவகிருபை

திருவொற்றியூர்,
9.1.2000

அன்புத் தங்கை அனிஷாவுக்கு அண்ணன் தவசிமுத்து எழுதிக்கொள்வது. மூவரும் சுகமாக இருக்கிறோம். அம்மாவுக்குப் புது வருஷ வாழ்த்தைப் பிந்திச் சொல்கிறேன் என்று சொல்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே செப்டம்பர் அட்டைக்குள் போய்ப் பார்த்தேன். இருந்தது. பதினேழாவது வரியில் சின்னப்பையன், உள்ளே வந்த நேரம் ஏழு ஐம்பத்திரண்டு, வெளியே போன நேரம் காலி. அன்றைக்குப் பதினோரு மணிக்கு டேங்க் கழுவ இறங்கியவன் விஷ கேஸில் மயங்கி விழுந்தான். தார்ப்பாய் போட்டு மூடிய வேன் ஒன்று பின் கேட்டு வழியாகப் போனதை நான் பார்த்தேன். பார்த்ததை உனக்கு எழுதவில்லை. இந்த முறை நிஜமாகவே அழிக்க எனக்குத் தெரியும், நீதான் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். இரண்டு தடவை கை அதன் மேல் போனது. முதலில் அழித்தபோது மானேஜர் சொன்னார், செய்தேன். இப்போது யாரும் சொல்லவில்லை. செய்தால் அது என் வேலை மட்டும்தான். பயந்தாங்கொள்ளி நான், உனக்குத் தெரியாததில்லை. செய்யவும் இல்லை, செய்யாமல் இருக்கவும் முடியவில்லை. ஆறு வாரம் அப்படியே ஓட்டினேன்.

புதன்கிழமை காலை முதல் வண்டியைப் பிடித்து யாரும் வருவதற்கு முன்னால் ஆபீசைத் திறந்தேன். பழைய காகிதம் கீபோர்டுக்கு அடியில் அப்படியே இருந்தது. வலது பட்டன், நியூ, ஷார்ட்கட், பிரௌஸ். ஆல் ஃபைல்ஸ் மாற்ற மறந்துபோய் ஃபைலைக் காணாமல் ஒரு நிமிஷம் வியர்த்துவிட்டது. பெயர் அதே தேதி. ஃபினிஷ். பொய்ப் பட்டியலை நான் தொடவில்லை. இரண்டு இருபத்தொன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

பதினொன்றரைக்கு இன்ஸ்பெக்டரை மானேஜரே கூட்டிவந்தார். "எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு சார், நீங்களே பாருங்க" என்றார். இன்ஸ்பெக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இதென்ன ரெண்டு இருபத்தொண்ணு?" என்று கேட்டார். மானேஜர் என்னைப் பார்த்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். பிறகு சொன்னேன், "ரெண்டும் நான் அடிச்சதுதான் சார். ஒண்ணு அன்னைக்கு அடிச்சது. இன்னொண்ணு மூணு வாரம் கழிச்சு அடிக்கச் சொன்னது." எந்த ஃபைல் எந்தத் தேதியில் பிறந்தது என்பதை அவர் கேட்காமலே திறந்து காட்டினேன். அதை நீ சொல்லித் தரவில்லை, நானாகத் தடவித் தடவிக் கண்டுபிடித்தேன். நாற்பத்து மூன்று பேர் பட்டியலை பிரிண்ட் எடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மறுநாளே என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என் மேலும் விசாரணை வருமாம், பொய்யாக அடித்தது நான்தானே. வரட்டும். ராயபுரத்தில் சௌக்கத் அலி பாயின் மர டிப்போவில் ஆள் கேட்கிறார்கள், நாளை போகிறேன். இன்றைக்குத் திருவிருந்துக்கு எழுந்து போனேனா என்று நீ கேட்பாய். போகவில்லை. இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

அந்தப் புதன்கிழமை மாலை பிரிண்டின் ஒரு நகலையும், காலையில் பையில் கொண்டுவந்திருந்த அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். பச்சையம்மா அன்றைக்கு மாலை வரை போகாமல் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். பதினேழாவது வரியைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என் விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்துக்கொண்டாள்.

"எத்தினி மணிக்கு சார் உள்ள போனாரு?"

"ஏழு ஐம்பத்திரண்டும்மா."

"எட்டு மணி சிப்டு. கரீட்டாத்தான் போயிருக்காரு." விரலை எடுக்காமலே, "இத்த சொல்ல மூணு மாசம் ஆச்சா சார் உனுக்கு?" என்றாள். அவள் கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நேரத்தைக் கேட்ட அதே குரலில்தான் இதையும் கேட்டாள்.

டப்பாவை வாங்கி மூடியிலிருந்த பூவைத் தடவினாள். திறந்து பார்த்துவிட்டு, "கழுவிட்டியா" என்றாள். "கருவாட்டுக் கொழம்பு வெச்சிருந்தேன் அன்னிக்கி. சாப்ட்டாரா சார்?"

அனிஷா, ஆணியிலிருந்து அந்த டப்பாவை எடுத்தவன் நான். ஸ்டேஷன் பக்கத்தில் நாய்களுக்குக் கொட்டியவனும் நான்தான். இந்த ஒன்றையாவது மறைத்துவிடலாம், சாப்பிட்டார் என்று சொன்னால் அவள் மனம் ஆறும் என்று தோன்றியது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. பிறகு, டப்பா நிறைய இருந்தது என்று சொன்னேன்.

அவள் டப்பாவை மூடி, காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள். மறுநாளிலிருந்து அவள் கேட்டுக்கு வருவதில்லை என்று பிறகு வழியில் பார்த்த செக்யூரிட்டி சொன்னான். அம்மாவின் கண்ணைக் கவனித்துக்கொள். நேரம் கிடைக்கும்போது எழுது.

உன் அண்ணன்,
தவசிமுத்து